சார்ஜருக்குத் துண்டு போட முடியுமா?

மின்சாரக் கார், கடற்கரைச் சாலை, பின்சீட்டில் பிள்ளைகள். பள்ளி விடுமுறை நெருங்குவதால் இந்த முறை தபாலில் வந்ததெல்லாம் இந்த மூன்றையும் சுற்றித்தான்.

? பிள்ளைகளோடு காரைக்குடியிலிருந்து ராமேஸ்வரம் போய்வர மின்சாரக் கார் தாங்குமா? ஷோரூம்காரர் 400 கிலோமீட்டர் என்கிறார், என் மச்சினர் 250 என்கிறார். யாரை நம்புவது?
— ஒரு வாசகர், தேவகோட்டை ரஸ்தா

மச்சினரை. (அவரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். அடுத்த விசேஷம் வரை அதையே பேசுவார்.) ஷோரூம் சொல்லும் எண் சோதனைக் கூடத்தில் உருளை மேல் ஓட்டிப் பார்த்தது. அந்தக் காரில் உங்கள் மாமியார் இல்லை, மூன்று பெட்டி இல்லை, சித்திரை வெயில் இல்லை. நம் ஊர்க் கணக்குக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

தேவகோட்டை, ராமநாதபுரம் வழியாக நேரே போனால் சுமார் 140 கிலோமீட்டர். திருவாடானையில் திரும்பி, தொண்டிக்குப் போய், கடலை ஒட்டியபடி தேவிபட்டினம் வழியாகப் போனால் சுமார் 170. எந்த வழியானாலும் ஒரு முழு சார்ஜில் போய்ச் சேரலாம். திரும்பி வருவதற்குத்தான் யோசனை வேண்டும். ஓர் இரவு தங்குங்கள். அறை பதிவு செய்யும்போது கடல் தெரியுமா என்று கேட்பதற்கு முன்னால், வண்டி நிறுத்தும் இடத்தில் 16 ஆம்பியர் பிளக் இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தப் பிளக் மணிக்கு மூன்று யூனிட் தரும். பத்து மணி நேரத்தில் முப்பது யூனிட். ஒரு யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் என்றாலும் நீங்கள் தூங்கி எழுவதற்குள் காரைக்குடிக்குத் திரும்பத் தேவையானது ஏறியிருக்கும்.

? ஏசி போட்டால் பேட்டரி தீர்ந்துவிடும் என்று என் கணவர் கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டுகிறார். பிள்ளைகள் வதங்கிவிடுகிறார்கள். நியாயம் கேட்டு எழுதுகிறேன்.
— வதங்கிய வாசகி, பள்ளத்தூர்

தீர்ப்பு உங்கள் பக்கம். வெயிலில் காய்ந்த காரை முதலில் குளிர வைக்கத்தான் ஏசி கொஞ்சம் அதிகம் தின்னும். குளிர்ந்த பிறகு மணிக்கு ஒன்று, ஒன்றரை யூனிட்தான். கிலோமீட்டரில் சொன்னால் ஒரு மணி நேரத்துக்கு ஏழோ எட்டோ குறையும். உங்கள் வீட்டுக்காரர் 80-லிருந்து 100-க்கு வேகத்தைக் கூட்டினாரென்றால், காற்றைக் கிழித்துப் போவதற்கு மட்டும் கிலோமீட்டருக்கு ஒன்றரை மடங்கு சக்தி கேட்கும். நஷ்டம் அங்கேதான். கண்ணாடி இறங்கியிருந்தால் அந்தக் காற்றுத் தடை இன்னும் அதிகம். ஏசியை அணைக்கச் சொல்பவர் முதலில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கட்டும். இன்னொரு தந்திரமும் உண்டு: புறப்படுவதற்குக் கால் மணி முன்பு, வீட்டுப் பிளக்கில் செருகியிருக்கும்போதே ஏசியை ஓடவிடுங்கள். குளிர வைக்கும் செலவு வீட்டு மீட்டரோடு போகும்.

? வழி நெடுக ஒரு மணி நேரம், ஒரு மணி நேரமாக நிற்க வேண்டுமாமே? போட் மெயிலே இவ்வளவு நிற்காது!
— ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், மானாமதுரை

நிற்பதைப் பற்றிச் செட்டிநாட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கும் நகரத்தார் கூட்டத்தைப் பாருங்கள். எந்த ஊரில் இரவுத் தங்கல், எந்தத் தோப்பில் சாப்பாடு என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக முடிவான விஷயம். தங்கல்களை முதலில் வைத்துவிட்டு நடையை அதற்கு நடுவில் பொருத்தினார்கள். மின்சாரக் காருக்கும் அதே முறைதான். சார்ஜ் தீர்ந்த இடத்தில் நிற்பது விபத்து. சாப்பிட நிற்கும் இடத்தில் சார்ஜ் போடுவது பயணம்.

நடைமுறையில் இப்படி. காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். தொண்டி தாண்டியதும் காரங்காடு. அங்கே வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். நீரிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்களைப் பார்த்தால் பிள்ளைகள் கேள்வியாய்க் கேட்பார்கள், தயாராக இருங்கள். பிறகு தேவிபட்டினம், கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்கள். மதியம் ராமநாதபுரத்தில் சாப்பாடு, அங்கேயே வேக சார்ஜரில் செருகல். 50 கிலோவாட் சார்ஜரில் பத்து சதவீதத்திலிருந்து எண்பது வரை ஏற ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். இரண்டு பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஊட்டிக் கைகழுவி விடுவதற்கும் அதே நேரம்தான். எண்பதைத் தாண்டியதும் பேட்டரி மெதுவாகத்தான் வாங்கும். கடைசி இருபதுக்காகக் காத்திருக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

போட் மெயில் கணக்கையும் பார்த்துவிடுவோம். ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. 1914-லிருந்து நம்மவர்கள் அப்படித்தான் வட்டிக்கடைக்குப் போனார்கள். மூன்று வண்டி மாறினார்கள், யாரும் முணுமுணுத்ததாகத் தெரியவில்லை.

? அங்கிள், கார் பேட்டரி தீந்து போச்சுன்னா கடல் பசு வந்து இழுத்துட்டுப் போகுமா?
— நான்காம் வகுப்பு, கோட்டையூர்

வராது பாப்பா, அது ரொம்ப பிஸி. நாள் முழுக்கக் கடலுக்கு அடியில் புல் மேய்ந்துகொண்டே இருக்கும். பெரிய கடற்பசு 400 கிலோகூட இருக்கும், அதாவது உன் வகுப்பில் பாதிப் பேர். பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022-இல் தமிழ்நாடு அரசு கடற்பசுக்களுக்கென்றே ஒதுக்கியது. இந்தியாவிலேயே அதுதான் முதல் கடற்பசுப் பாதுகாப்பகம். மீனவர்கள் கடற்பசுவை ஆவுளியா என்பார்கள். கரையில் நின்று பார்த்தால் தெரியாது. அதனால் அப்பாவிடம் மல்லிப்பட்டினம் பக்கத்தில் இருக்கும் மனோராவுக்கும் ஒருநாள் கூட்டிப்போகச் சொல். நெப்போலியன் தோற்றதைக் கொண்டாடித் தஞ்சாவூர் ராஜா சரபோஜி எழுப்பிய கோபுரம் அது. எங்கேயோ ஐரோப்பாவில் நடந்த சண்டைக்கு நம் கடற்கரையில் எதற்குக் கோபுரம் என்று வகுப்பில் கேட்டுப் பார். டீச்சர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுது.

? எங்கள் வீடு முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடியும். பங்காளிகள் இருபது பேருக்கு மேல். முகப்பில் கார் நிற்கிறது. எந்த மீட்டரில் சார்ஜ் போடுவது?
— பெயர் போட வேண்டாம், கானாடுகாத்தான்

பெயர் போட வேண்டாம் என்றதிலேயே பாதி வழக்கு புரிந்துவிட்டது. தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் நூறு வருஷம் தாங்கும், அந்தக் காலத்து ஒயரிங் தாங்காது. வளவில் டேபிள் ஃபேனுக்கு இழுத்த ஒயரில் காரைச் செருகினால், மறுநாள் பங்காளிகள் எல்லோரும் ஒற்றுமையாகத் திரண்டு வருவார்கள், உங்களைத் தேடி. உங்கள் பங்குக்கென்று தனி மீட்டர், அங்கிருந்து காருக்கு மட்டும் தனி ஒயர், தனி பிரேக்கர், புதிதாக இறக்கிய எர்த். இந்த நான்கும் வேண்டும். எர்த் சரியில்லை என்றால் பல கார்கள் சார்ஜே வாங்காது. காரைக் குறை சொல்லாதீர்கள், அது உங்கள் உயிரைக் காப்பாற்றுகிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

? பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போடுவதுபோலச் சார்ஜருக்கும் துண்டு போட முடியுமா?
— கல்லூரி மாணவர், காரைக்குடி

முடியும். சில செயலிகளில் முன்பதிவு வசதி இருக்கிறது. ஆனால் செயலியில் துண்டு போட்டிருப்பது அங்கே நிற்கும் பெட்ரோல் காருக்குத் தெரியாது. நிழல் இருக்கிறதே என்று சார்ஜர் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். அதனால் கிளம்பும் அன்று காலையிலேயே செயலியைத் திறந்து, அந்தச் சார்ஜர் கடைசியாக எப்போது வேலை செய்தது என்று பாருங்கள். போன் நம்பர் இருந்தால் கூப்பிட்டுக் கேளுங்கள். அடுத்த சார்ஜர் எங்கே என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரி இருபது சதவீதத்துக்குக் கீழே போகும்வரை ஓட்டுவதை, பிள்ளைகள் இல்லாத நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: உங்கள் கார் ஏறி முடிந்ததும் எடுத்துவிடுங்கள். நிறைந்த காரைச் சார்ஜரிலேயே விட்டுவிட்டு ஊர் சுற்றப் போவதும் துண்டு போடுவதில்தான் சேரும்.

? சார்ஜர் இருக்கும் இடத்தில் பாத்ரூம் இருக்குமா? எனக்கு அது முக்கியம்.
— மூன்று பேரன்களின் அப்பத்தா, கண்டனூர்

இந்த வாரத்தின் மிகச் சரியான கேள்வி உங்களுடையதுதான் ஆச்சி. காரின் பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கும், பேரன் முக்கால் மணி நேரம்தான் தாங்குவான். ஓட்டலோடு ஒட்டிய சார்ஜராகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பொட்டலில் தனியாக நிற்கும் சார்ஜர், எத்தனை கிலோவாட்டாக இருந்தாலும் குடும்பத்துக்கு ஆகாது.

? காரைக்குடிக்கும் மின்சாரக் காருக்கும் என்ன சம்பந்தம்? மெக்கானிக்கூட மதுரையிலிருந்து வர வேண்டியிருக்கிறது.
— சலித்துக்கொள்பவர், செக்காலை

என்ன சார், சிக்ரி வாசலைத் தாண்டித்தானே தினமும் போகிறீர்கள்? மத்திய மின்வேதியியல் ஆய்வகம். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் எடுத்துக் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மின்வேதியியல் என்றால் பேட்டரியும் துருவும்தான். ஒன்றில் நாம் வேண்டும்போது மின்சாரம் வருகிறது, மற்றொன்றில் நாம் கேட்காமலே இரும்பு போகிறது. உள்நாட்டிலேயே லித்தியம் அயான் பேட்டரி செய்வதற்கான தொழில்நுட்பத்தை 2018-இல் ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கைமாற்றிக் கொடுக்க ஒப்பந்தம் போட்டது இந்தச் சிக்ரிதான். லித்தியம் அயான் பேட்டரிக்காக மூன்று பேருக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது, அதில் குட்இனஃபுக்கு அப்போது வயது 97. மெக்கானிக்குக்காகக் காத்திருக்கும் நீங்கள் அவ்வளவு பொறுமை காட்ட வேண்டியிருக்காது.

? உப்புக் காற்றில் கார் துருப்பிடிக்காதா?
— ஒரு வாசகர், புதுவயல்

பிடிக்கும், பெட்ரோல் கார் என்றாலும் பிடிக்கும். மண்டபம் பக்கத்துக் காற்று உலோகத்துக்கு எவ்வளவு கொடியது என்பதற்குச் சாட்சி வேண்டுமா? துருவை ஆராயச் சிக்ரி நிலையம் அமைத்த இடம் அந்த மண்டபம்தான். நூறு வருஷத்துக்கு மேல் நின்ற பாம்பன் ரயில் பாலம் கடைசியில் ஓய்வுபெற்றதற்கும் அந்தத் துருவே காரணம். புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது எளிது: வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் காரின் அடிப்பாகத்தையும் சேர்த்துக் கழுவுங்கள். பேட்டரியைத் தண்ணீர் புகாத பெட்டியில் மூடித்தான் வைத்திருக்கிறார்கள், பயம் வேண்டாம்.

? பாம்பன் பாலத்தில் காரை நிறுத்திப் பிள்ளைகளுக்கு ரயில் பாலம் தூக்குவதைக் காட்டலாமா?
— ஒரு வாசகி, சிவகங்கை

நிறுத்தக் கூடாது. நிறுத்துபவர்களால்தான் 1988-இல் திறந்த அந்த அருமையான சாலைப் பாலத்தில் விடுமுறைதோறும் வண்டிகள் ஊர்கின்றன. பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்திவிட்டு, கீழே இறங்கிக் காட்டுங்கள். 1914-இல் திறந்த பழைய பாலம் நடுவில் இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் மேலெழுந்தது, ஆட்கள் கையால் சுற்றித்தான் அதைத் தூக்கினார்கள். 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு லிஃப்ட் போல அப்படியே 17 மீட்டர் உயரும். அதைத் தூக்குவதும் மின்சாரம்தான் என்று சொன்னால் பையனுக்குக் கார்மேல் மரியாதை கூடும். கப்பல் வந்தால்தான் தூக்குவார்கள் என்பதையும் சொல்லிவையுங்கள். இல்லையென்றால் சாயங்காலம் வரை அங்கேயே நிற்பான்.

? தனுஷ்கோடிக் கடலில் பிள்ளைகளைக் குளிக்க விடலாமா?
— கவலைப்படும் தகப்பனார், நாட்டரசன்கோட்டை

விடவே கூடாது. அங்கே ஒரு பக்கம் பெண்கடல், மறுபக்கம் ஆண்கடல் என்பார்கள் மீனவர்கள். பாக் விரிகுடாப் பக்கம் அமைதி, மன்னார் வளைகுடாப் பக்கம் சீற்றம். அரிச்சல்முனையில் இரண்டும் சந்திக்கின்றன, அடியில் இழுவை எப்படி ஓடும் என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது. 1964 டிசம்பர் 22 இரவு ஒரு பாசஞ்சர் ரயிலையே பயணிகளோடு வாரிக்கொண்டு போன கடல் அது. இடிந்த தேவாலயத்தைக் காட்டி, அந்தக் கதையை வயதுக்கேற்ற அளவில் சொல்லுங்கள். குளியலுக்குப் பெண்கடல் பக்கம் அரியமான் இருக்கிறது. ஆழம் குறைவு, அலை சிறிது, நிழலுக்குச் சவுக்குத் தோப்பு. அங்கேயும் நீங்கள் கூடவே இறங்குங்கள், செல்போன் கரையில் இருக்கட்டும்.

? அரிச்சல்முனையில் சாலையை விட்டு மணலில் இறக்கினால் ரீல்ஸ் சூப்பராக வரும் என்கிறான் என் தம்பி.
— ஒரு அக்கா, குன்றக்குடி

வரும், டிராக்டர் கட்டி இழுக்கும் ரீல்ஸ். பேட்டரியால் மின்சாரக் கார் அதே அளவு பெட்ரோல் காரைவிடக் கனம் அதிகம். சக்கரம் ஒருமுறை மணலில் புதைந்தால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து முனை வரைக்கும் ஒன்பதரை கிலோமீட்டருக்கு 2017-இல் நல்ல சாலை போட்டுத் தந்திருக்கிறார்கள், தம்பி அதிலேயே நிற்கட்டும். ராமேஸ்வரத்திலிருந்து போய்வர நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகும் என்பதால், அந்தக் கணக்கை முன்கூட்டியே பேட்டரியில் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும், அதற்குமேல் அங்கே இருக்க விடமாட்டார்கள்.

? மின்சாரக் காரில் ஏறினாலே என் மகள் வாந்தி எடுக்கிறாள். பெட்ரோல் காரில் ஒன்றும் இல்லை. ஏன்?
— ஒரு தாய், தேவகோட்டை

காரணம் ஓட்டுகிறவரின் கால். மின்சாரக் காரில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே வண்டி இழுத்துப் பிடிக்கும், அந்த வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். காலை எடுத்து எடுத்து வைத்தால் பின்சீட்டில் இருப்பவருக்குத் தலை முன்னும் பின்னும் ஆடும். சத்தமும் இல்லாததால் எப்போது வேகம் கூடும், எப்போது குறையும் என்று குழந்தையின் உடம்புக்கு முன்னறிவிப்புக் கிடைப்பதில்லை. அந்த இழுப்பின் அளவைக் குறைத்து வைக்கக் காரிலேயே வசதி உண்டு, மிகக் குறைவானதில் வையுங்கள். மகள் கையில் டேப் கொடுக்காமல் வெளியே பார்க்கச் சொல்லுங்கள். எலுமிச்சம்பழம் பையில் இருக்கட்டும்.

? வழித்தின்பண்டத்துக்கு என்ன எடுத்துப் போகலாம்?
— ஒரு வாசகி, முத்துப்பட்டணம்

சீப்புச் சீடை, கைமுறுக்கு. மாவுருண்டை வேண்டாம். கறுப்பு சீட் கவரில் அதை உதறி எடுக்க ஒருவராலும் முடியாது.

? மின்சாரமே நிலக்கரியில்தானே வருகிறது? புகையை இங்கிருந்து தூத்துக்குடிக்கு மாற்றியதுதானே மிச்சம்?
— எதிர்க்கட்சி வாசகர், திருப்பத்தூர்

பாதி சரி. தூத்துக்குடியில் அனல்மின் நிலையம் இருப்பது உண்மை. அதே கடற்கரைச் சாலைக்குக் கொஞ்சம் உள்ளே கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-லிருந்து ஓடுவதும் உண்மை. ஆடிக் காற்றில் காற்றாலைகள் சுற்றுவதும் உண்மை. பகலில் சார்ஜ் போட்டால் வெயில் பங்கு அதிகம், இரவில் போட்டால் கரி அதிகம். நிலக்கரிப் பங்கு முழுசாக இருந்தாலும் உங்கள் பேரனின் பள்ளி வாசலில் புகை இல்லை என்பதை எதிர்க்கட்சியும் ஒத்துக்கொள்ளலாம். (ஆடிக் காற்று காருக்கும் எதிரிதான். எதிர்க்காற்றில் ஓட்டினால் ரேஞ்ச் குறையும், அந்த மாதத்தில் கூடுதல் இருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.)

? இவ்வளவு தூரம் கடலோரமாகப் போகிறோம், காரோடு கப்பலேறி யாழ்ப்பாணமும் பார்த்துவிட முடியுமா?
— ஆசைக்காரர், சிங்கம்புணரி

காரை விட்டுவிட்டுப் போகலாம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-இல் பயணிகள் கப்பல் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய கப்பலின் பெயர் 'சிவகங்கை'. நம் மாவட்டத்தின் பெயரில் ஒரு கப்பல், அதுவும் கடலே இல்லாத மாவட்டம்! காற்றையும் மழையையும் பார்த்து அவ்வப்போது நிறுத்துவார்கள், கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

? குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தால் என்ன?
— புதுத் தாய், இளையான்குடி

சட்டப்படி 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ கட்டாயம், மீறினால் 1,000 ரூபாய் அபராதம். அது போகட்டும். பிரேக் போட்டால் உங்கள் மடி பெல்ட் ஆகாது. ஏர்பேக் விரிந்தால் முதல் அடி குழந்தைக்குத்தான். பின்சீட்டில், தனி இருக்கையில் கட்டுங்கள். அழும். அழட்டும்.

? எந்த நாளில் போகக் கூடாது?
— ஒரு வாசகர், மானகிரி

ஆடி அமாவாசை, தை அமாவாசை. ராமேஸ்வரத்தில் காருக்கு மட்டுமல்ல, காலுக்கே இடம் இருக்காது.

? கடைசியாகச் சொல்லுங்கள், மின்சாரக் கார் வாங்கலாமா, வேண்டாமா? தூத்துக்குடியிலேயே செய்கிறார்களாமே?
— முடிவெடுக்காதவர், காரைக்குடி

செய்கிறார்கள். வியட்நாமின் வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4-இல் அங்கே திறக்கப்பட்டது. பக்கத்தில் செய்கிறார்கள் என்பதற்காக வாங்காதீர்கள், உப்பும் அங்கேதான் விளைகிறது, அதற்காக மூட்டை மூட்டையாகவா வாங்குகிறீர்கள்? கணக்கு இதுதான். வீட்டில் சார்ஜ் போட்டால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள் முடியும். வெளிச் சார்ஜரில் யூனிட் இருபது ரூபாயைத் தாண்டுவதால் மூன்று, நான்கு ரூபாய் ஆகும். பெட்ரோலுக்கு ஏழு ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே வண்டி நிறுத்தச் சொந்த இடமும், உங்கள் பெயரில் மீட்டரும், தினமும் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டமும் இருந்தால் வாங்குங்கள். இதில் முதல் இரண்டில் ஒன்று குறைந்தாலும் இப்போது வேண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை ராமேஸ்வரம் போவதற்காக மட்டும் என்றால், வாடகைக் கார் போதும்.